வாற்பேத்தையின் வால்

சென்ற கிழமை நாடி அடைபட்டு இதயத்தசை சாவதுவரை வந்திருந்தோம். தவறவிட்டவர்கள் பழைய இதழை எடுத்து வாசியுங்கள். இந்தக் கிழமை ஏ.சி.இ. (அஞ்சியோடென்சினை மாற்றும் நொதியம்) என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் நாலு நாளாக என் தலைக்குள் நீந்துவது ஒரு வாற்பேத்தை. தமிழ்நாட்டு வாசகர்கள் தலைப்பிரட்டை என்பார்கள்.

மொன்றியலின் பியர்பொன்ட்ஸில் ஆற்றங்கரைத் தேங்கல்களில் கோடையில் குனிந்து பாருங்கள். பின்கால் முளைத்திருக்கும், பிறகு வால் நாளுக்கு நாள் குறுகும். அது அறுந்து விழுவதில்லை, தன்னைத்தானே கரைத்துக்கொள்கிறது. தோலையும் தசைநாணையும் இறுக்கிப் பிடிக்கும் கொலாஜன் நார் லேசில் கரைகிற சாமானில்லை. அதைக் கரைக்கும் நொதியத்தை இழையங்களை அரைத்து அரைத்துத் தேடியும் ஆய்வாளர்களுக்கு அகப்படவில்லை.

1962இல் பொஸ்டனில் ஜெரோம் குரோஸும் சார்ள்ஸ் லப்பியேரும் அரைப்பதை விட்டார்கள். வால்செட்டையின் உயிருள்ள துண்டுகளை, கலங்கலான கொலாஜன் கூழின்மேல் வைத்துக் காத்திருந்தார்கள். ஒவ்வொரு துண்டையும் சுற்றிக் கூழ் கரைந்து, கண்ணாடிபோலத் தெளிந்த வட்டம் விரிந்தது. சேமித்து வைத்த நொதியம் இல்லை அது. வேண்டியபோது உயிருள்ள கலம் அங்கேயே செய்துகொள்வது. அரைத்தவர்களுக்கு எப்படிக் கிடைக்கும்! இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

ஏனென்றால் அதே குடும்பத்து நொதியங்கள் நம் இதயத்திலும் இருக்கின்றன. மெட்ரிக்ஸ் மெட்டலோபுரொட்டினேஸ் என்று பெயர். நடுவில் ஒரு துத்தநாக அணு. மாரடைப்புக்குப் பிந்திய நாட்களில், செத்த தசையைத் துப்புரவாக்க இவை கொலாஜன் பின்னலை வெட்டுகின்றன. வெட்டு மிஞ்சினால் சுவர் மெலிந்து இழுபட, இடது இதயவறை பலூனாகிறது. "இதயம் பெருத்துப் போச்சு" என்று நம் வீடுகளில் சொல்வது இதைத்தான்.

மொன்றியல் இதய நிறுவனத்தின் மருத்துவர் அனிக் டுஷார்ம் முதல் ஆசிரியராக 2000இல் வெளியிட்ட எலி ஆய்வு இங்கே முக்கியம். இந்தக் குடும்பத்தின் ஒன்பதாம் நொதியத்துக்கான மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்கு மாரடைப்பை உண்டாக்கினார்கள். மற்ற எலிகளின் அளவுக்கு அவற்றின் இதயவறை பெருக்கவில்லை. வெட்டும் நொதியம் இல்லாவிட்டால் கொலாஜன் கூடவேண்டுமே? குறைவாகவே சேர்ந்திருந்தது. வெட்டும் வேலையும் தழும்பு கட்டும் வேலையும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. 2006இல் வெளியான ஒரு சோதனையில் 253 நோயாளரை வைத்து இந்த நொதியங்களைத் தடுக்கும் மருந்தைச் சோதித்துப் பார்த்தார்கள். இதயம் பெருப்பது குறையவில்லை, மூட்டுவலிதான் கூடியது.

போன வெள்ளி டொலார்ட்-டெ-ஓர்மோ முருகன் கோயிலில் ஒரு பெரியவர் என்னை மறித்தார். "தம்பி, ஸ்டென்ட் வைச்சாச்சு, நாடி திறந்தாச்சு. பிறகேன் இந்தக் குளிசை?" பெட்டியைக் காட்டினார். பெயர் 'பிரில்' என்று முடிந்தது.

"நாடி ஒருநாளில திறபடும் அண்ணை. சுவர் மாதக்கணக்கா உருமாறும். டொக்டரைக் கேக்காமல் நிப்பாட்டிப்போடாதேங்கோ."

அவருடைய குளிசை தடுப்பது ஏ.சி.இ.யை. அதுவும் இரத்தத்தில் மட்டுமில்லாமல் இதயச் சுவருக்குள்ளேயே இருந்து வேலைசெய்கிறது. 1992இல் வெளியான, 2231 பேரை வைத்து நடந்த கப்டோபிரில் சோதனையோடு அதை அடுத்த கிழமை எழுதுகிறேன்.