பாப்பாவின் படங்கள் பிழைத்தன!

சாமல்பட்டியில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வயது 12. ஒருநாள் பட்டனைத் தட்டினால் 'பீப் பீப்' என்று சத்தம். திரையோ ஒரே இருட்டு. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பாப்பா பிறந்த அன்று எடுத்த படங்கள் அதில்தானே இருக்கின்றன!

"தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடலாம்" என்றார் இவர்.

ஓசூரிலிருக்கும் தம்பிக்குப் போன் போட்டேன். "பயப்படாதேக்கா, படமெல்லாம் ஹார்ட் டிஸ்கில் பத்திரமா இருக்கும். இது ரேம் கோளாறு" என்றான். அவன் சொன்னபடி பிளக்கைப் பிடுங்கி, பெட்டியைத் திறந்து, ரேமைக் கழற்றினேன். அதன் பொன்னிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, 'டக்'கென்று பொருத்தினேன். உயிர் வந்துவிட்டது!

முதல் வேலையாகப் படங்களைப் பென் டிரைவில் ஏற்றினேன். சகோதரிகளே, நீங்கள் ஏற்றிவிட்டீர்களா?