வரப்புத் தகராறு – 9: பூட்டப்பட்ட வயல்

மூன்று மா நிலம். சம்பா பழுத்துத் தலை சாய்ந்துவிட்டது. வரப்பில் ஒரு தகரப் பலகை: மறு உத்தரவு வரும் வரை இரு தரப்பாரும் பிரவேசிக்கக் கூடாது. டெல்டாவில் ஒரு கோட்டாட்சியர் அலுவலகத் தாழ்வாரத்தில் அந்த நிலத்துக்காரப் பெரியவரைப் பார்த்தேன். மஞ்சள் பையில் அடங்கல், கிஸ்து ரசீது, உரக்கடை பில். “அவன் நாலு பேரோட வந்து வரப்புல நின்னு கத்துனான் தம்பி. வயலைப் பூட்டுனது எனக்கு” என்றார்.

பூட்டியது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 145, 146 பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் அவை 164, 165. எண்தான் மாறியது. வக்கீல்கள் வாயில் இன்னும் ‘ஒன் ஃபார்ட்டி ஃபைவ்’தான்.

நிலத் தகராறால் கைகலப்பு வரும் என்று போலீஸ் அறிக்கையோ வேறு தகவலோ வந்தால், நிர்வாக நடுவர் காரணத்தை எழுதி, இரு தரப்பையும் கூப்பிட்டு விசாரிக்கலாம். அவர் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: உத்தரவு போட்ட அன்று நிலம் யார் அனுபவத்தில் இருந்தது? யாருக்குச் சொந்தம் என்பது அவர் வேலையே இல்லை. அது சிவில் கோர்ட்டின் வேலை. போலீஸ் அறிக்கையோ தகவலோ நடுவருக்கு வந்த நாளுக்கு முந்தைய இரண்டு மாதத்துக்குள்ளோ, அதற்குப் பிறகு உத்தரவுக்கு முன்போ ஒருவரை அடித்து விரட்டியிருந்தால், விரட்டப்பட்டவரையே அனுபவத்தில் இருந்தவராகக் கொள்ளலாம். யோசித்து எழுதிய சட்டம் என்றுதான் சொல்வேன்.

கோளாறு 146-இல் தொடங்குகிறது. அவசரம் என்று நடுவர் கருதினாலோ, யார் கையில் நிலம் இருந்தது என்று தெரியாவிட்டாலோ ஜப்தி செய்யலாம். தெரிந்துகொள்ள மெனக்கெட வேண்டும்: நாற்று விட்டது யார், அறுத்தது யார், பக்கத்து வயல்காரர் என்ன சொல்கிறார். ‘தெரியவில்லை’ என்று எழுத ஒரு வரி போதும். கையில் நிலம் இல்லாதவனுக்கு இழக்க என்ன இருக்கிறது? வரப்பில் ஒரு கூச்சல், ஸ்டேஷனில் ஒரு மனு, ‘சட்டம் ஒழுங்கு பாதிக்கப்படும்’ என்று ஆய்வாளரின் அறிக்கை. ஜப்தி விழுந்ததும் உழுதவனும் கத்தியவனும் ஒரே பெஞ்சில்.

கலகம் செய்பவன் ஒருவன்தான் என்றால் அமைதி காக்க அவனிடம் பிணை வாங்க 107 இருந்தது, இப்போது 126. அதை விட்டுவிட்டு வயலைப் பூட்டுவது ஏன்?

ஒரு காரணம் நாற்காலி. பட்டா மேல்முறையீட்டைக் கேட்பவரும் கோட்டாட்சியர், இந்த வழக்கில் நடுவரும் அவரே. காலையில் பட்டா பார்த்த கண் மதியம் அனுபவத்தைப் பார்க்கும்போதும் காகிதத்தையே தேடும். வட்டாட்சியர் அலுவலக ‘அமைதிப் பேச்சுவார்த்தை’ இதற்கும் ஒரு படி கீழே. யாரும் நிலத்தில் இறங்கக் கூடாது என்று அங்கே எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். எந்தப் பிரிவின் கீழ் என்று கேட்டுப் பாருங்கள்.

சொத்துரிமையும் அனுபவமும் சிவில் கோர்ட்டில் வழக்காக இருக்கும்போது, அதே விஷயத்துக்கு 145-இல் இன்னொரு விசாரணை கூடாது என்று ராம் சுமேர் புரி மகந்த் வழக்கில் 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருந்தும், முன்சீப் கோர்ட்டில் தடையுத்தரவு கிடைக்காதவர் மறுவாரமே கோட்டாட்சியர் வாசலில் நிற்பதைப் பார்க்கலாம். நடுவர் போடும் உத்தரவுக்கு மேல்முறையீடு கிடையாது, சீராய்வு மனுதான்.

தற்காலிகம்தானே என்பார்கள். 1949 டிசம்பர் 29 அன்று அயோத்தியில் கூடுதல் நகர நடுவர் போட்ட ஜப்தி உத்தரவும் பழைய 1898 சட்டத்தின் 145-ஆம் பிரிவில்தான். அந்த இடம் யாருக்கு என்று உச்ச நீதிமன்றம் முடித்தது 2019 நவம்பர் 9-இல்.

கெட்டுப்போகும் விளைச்சலை விற்றுப் பணத்தை வைத்திருக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. தை பிறந்ததும் பெரியவரின் வயலில் கிராம நிர்வாக அலுவலர் முன்னிலையில் மெஷின் இறங்கியது. பெரியவர் ரோட்டில் நின்று பார்த்தார். பணம் கருவூலத்துக்குப் போனது. அடுத்த வாய்தாவுக்கு ஆய்வாளர் வரவில்லை, பந்தோபஸ்து டூட்டியாம். அதற்கடுத்த வாய்தாவுக்குள் கோட்டாட்சியர் மாறுதலாகிவிட்டார். அன்று தாழ்வாரத்தில் எதிராளி ஒரு புரோக்கருடன் வந்து பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“குழி என்ன விலை சொல்றீங்கய்யா?”

(தொடரும்)