ரிஜிட் ஃபிரேம் வண்டியும் இடுப்பு வலியும்

பி.எஸ்.ஏ. எம்20 வண்டியில் பின்பக்க சஸ்பென்ஷன் கிடையாது. பின் சக்கரம் நேராக ஃபிரேமில்தான் மாட்டியிருக்கும். பள்ளத்தில் விழும் அடியைத் தாங்க டயரும் சீட்டுக்குக் கீழே உள்ள இரண்டு சுருள் ஸ்பிரிங்கும்தான்.

இடுப்பு வலி வந்ததும் நான் முதலில் செய்தது, சீட்டில் இரண்டு அங்குல ஃபோம் வைத்தது. உட்காரச் சொகுசா இருந்தது, வலி போகலை. ஃபோம் அழுத்தத்தைப் பரப்பும், அவ்வளவுதான். குலுக்கலை ஸ்பிரிங்தான் வாங்கணும்.

இதுக்கு ஒரு எளிய கணக்கு இருக்கு. நாம் உட்கார்ந்ததும் சீட்டு எவ்வளவு இறங்குதுன்னு தெரிந்தால், அது நொடிக்கு எத்தனை தடவை ஆடும்னு சொல்லிடலாம். 1 செ.மீ. இறங்கினால் சுமார் 5 தடவை; 4 செ.மீ. என்றால் 2.5. உட்கார்ந்திருக்கும் உடம்பை அதிகம் படுத்துவது நொடிக்கு 4 முதல் 8 வரையிலான மேல்கீழ் அதிர்வு. விறைப்பான ஸ்பிரிங் அதைக் குறைக்காது, கூட்டும்.

என் சீட்டை அளந்தால் 1.2 செ.மீ.தான். அதே அளவுச் சுருளை, கால் பங்கு மெல்லிய ஸ்பிரிங் எஃகுக் கம்பியில் சுற்ற வைத்தேன். விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் மடியைப் பொறுத்தது. அதனால் மூன்றில் ஒரு பங்காகி, இறக்கம் கிட்டத்தட்ட 4 செ.மீ. ஆனது. பள்ளத்தில் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டாத அளவு இடம் மிச்சம் இருக்கணும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டேம்பர் இல்லாததால் அடுத்தடுத்து மேடு வந்தால் சீட்டு படகு மாதிரி ஆடுது. அங்கே வேகத்தைக் குறைச்சுக்கிறேன். இடுப்பு தப்பித்தது.