சிறையிலிருந்து பட்டமளிப்பு மேடைக்கு!

குழந்தைகளே! சட்டத்தை மீறியதாகச் சிறைக்குப் போன ஒருவருக்கு, சில நாட்களிலேயே ஒரு பல்கலைக்கழகம் சட்டத்துறையில் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது என்றால் நம்புவீர்களா?

அவர்தான் மார்ட்டின் லூதர் கிங். 1929-ஆம் ஆண்டு அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் பிறந்தவர். அந்நாட்டின் தென் மாநிலங்களில் அப்போது கறுப்பின மக்களுக்குத் தனிப் பள்ளி. பஸ்ஸில்கூடப் பின் இருக்கைதான். வெள்ளையருக்கு இடமில்லை என்றால் எழுந்து நிற்க வேண்டும்!

1955-இல் மாண்ட்கோமரி நகரில் ரோசா பார்க்ஸ் என்ற பெண்மணி எழுந்திருக்க மறுத்தார். கைது செய்தார்கள். கிங் தலைமையில் கறுப்பின மக்கள் 381 நாட்கள் நகரப் பஸ்களைப் புறக்கணித்தனர். வெயிலிலும் மழையிலும் நடந்தே வேலைக்குப் போனவர்கள் ஏராளம். கடைசியில் அந்தப் பாகுபாடு செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அறவழியில் போராடிய கிங்குக்கு 1964-இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

சிறை எதற்கு? 1963-இல் பர்மிங்காம் நகரில், நீதிமன்றத் தடையையும் மீறி ஊர்வலம் போனார் அல்லவா? அந்த வழக்கில்தான் 1967 அக்டோபர் இறுதியில் மீண்டும் சிறை சென்றார்.

வெளியே வந்ததும் கடல் கடந்து இங்கிலாந்து போனார். நவம்பர் 13 அன்று நியூகாசில் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் வழங்கியது. நன்றி சொல்ல எழுந்த கிங், கையில் குறிப்பு எதுவும் இல்லாமலே பேசினார்.

உலகை வாட்டும் பெரிய பிரச்னைகள் மூன்று என்றார். இனவெறி, வறுமை, போர். "மனிதர்களின் மனதைச் சட்டத்தால் மாற்ற முடியாது, பிறகு சட்டம் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கும் பதில் சொன்னார். ஒருவன் என்னை நேசிக்கும்படி சட்டம் செய்ய முடியாதுதான். ஆனால், அவன் என்னைக் கொல்லாமல் தடுக்க முடியுமே என்பது அவர் வாதம். நடத்தை மாறினால், மனமும் மெல்ல மாறும் என்று நம்பினார்.

ஐந்து மாதம்கூட ஆகவில்லை. மெம்பிஸ் நகரில் துப்புரவுத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவு தரப் போயிருந்த கிங்கை, 1968 ஏப்ரல் 4 அன்று சுட்டுக் கொன்றனர். அப்போது அவருக்கு வயது 39.

அந்தப் பேச்சின் படச்சுருள் பல ஆண்டுகள் மறந்து கிடந்து, பிறகு பல்கலைக்கழகக் காப்பகத்தில் கிடைத்தது. 2017-இல் அங்கே அவருக்குச் சிலையும் வைத்தார்கள்.

நாளை மதியம் சாப்பிடும்போது உங்கள் வகுப்பைச் சற்றுச் சுற்றிப் பாருங்கள். யாராவது தனியே உட்கார்ந்திருக்கிறார்களா? ஏன் என்று யோசியுங்கள். பிறகு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். செய்வீர்கள்தானே?