படகைக் கவனிக்கிறோம், டிரெய்லரைக் கவனிக்கிறோமா?

ஒரு சனிக்கிழமை விடியற்காலை. ஈஜோக்கைத் தாண்டி கோலசிலாங்கூர் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். கார் லேசாக ஒரு பக்கம் இழுத்தது. அடுத்த நொடி ஒரு சக்கரம் தனியாக உருண்டு வந்து எங்களையே முந்திக்கொண்டு போனது. "யாரோட டயர்டா அது?" என்று பக்கத்தில் இருந்த நண்பர் கேட்டு முடிப்பதற்குள் பின்னால் தீப்பொறி பறந்தது. அது எங்கள் படகு டிரெய்லரின் சக்கரம்.

எதிர்த் தடத்தைக் கடந்து, செம்பனை மரங்களுக்கு நடுவில் போய்த்தான் அது விழுந்தது. காலை வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் அதிகமாக வரும் சாலை அது. அந்த நேரத்தில் எதிரே யாரும் வராதது எங்கள் நல்ல காலம்.

ஒரே தோட்டத்தில் வளர்ந்து, இன்று ஆளுக்கொரு தாமானில் இருக்கும் நான்கு பேர் பங்கு போட்டு வாங்கிய பழைய படகு அது. எஞ்சினுக்கு வருடா வருடம் சர்வீஸ் செய்தோம். படகுக்குப் புதுச் சாயம் அடித்தோம். டிரெய்லரின் அடியில் மட்டும் ஒருவரும் குனிந்து பார்த்ததில்லை. நம்மவர்களில் வார இறுதியில் படகை இழுத்துக்கொண்டு தூண்டில் போடப் போகிறவர்கள் இப்போது பலர். அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

சக்கரம் ஏன் கழன்றது?

அன்று எங்களைக் காலை வாரியது பேரிங். டிரெய்லர் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் ஓடி வரும்போது சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் சூடாகிவிடும். துறைக்கு வந்ததும் வராததுமாக அதைத் தண்ணீரில் இறக்குகிறோம். உள்ளே இருக்கும் சூடான காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்குகிறது. காற்று சுருங்கிய இடத்துக்குத் தண்ணீர் வரப் பார்க்கும். சீல் பழையதாக இருந்தால் அதன் வழியாக உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். கிரீஸுடன் கலந்து அதைக் கெடுக்கும். பேரிங் துருப்பிடிக்கும். அன்றே எதுவும் நடக்காது. சில வாரம் கழித்து நெடுஞ்சாலையில்தான் அது தன் வேலையைக் காட்டும்.

இதைத் தடுப்பது சுலபம். துறைக்கு வந்ததும் இருபது நிமிடம் டிரெய்லரை ஓய்வாக நிறுத்துங்கள். ஹப் சூடு ஆறட்டும். அந்த நேரத்தில் சாமான்களைப் படகில் ஏற்றிவிடலாம். கடலில் இறக்கும் டிரெய்லர் என்றால் வருடத்துக்கு ஒரு முறையாவது பேரிங்கைக் கழற்றி, கழுவி, புது கிரீஸும் புது சீலும் போடச் சொல்லுங்கள். பழைய கிரீஸ் தே தாரேக் நிறத்தில் வெளியே வந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

நெடும் பயணத்தில் எண்ணெய் நிலையத்தில் நிற்கும்போதெல்லாம் இரண்டு ஹப் பக்கமும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பயமில்லை. கை வைக்க முடியாத சூடு என்றாலோ, ஒரு பக்கம் மட்டும் அதிகம் சுட்டாலோ, அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

டயர் தேயாது, வயதாகும்

டிரெய்லர் டயரில் பூ தேய்ந்திருக்காது. அதைப் பார்த்துத்தான் நாம் ஏமாறுகிறோம். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் வெயிலில் நிற்பதால் ரப்பர் காய்ந்து பக்கவாட்டில் வெடிப்பு விடும். டயரின் ஓரத்தில் 'டாட்' என்று தொடங்கும் வரிசையின் கடைசியில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஐந்தாறு வருடம் கடந்த டயரை, பூ நன்றாக இருந்தாலும் நம்பாதீர்கள்.

உதிரி டயர் வைத்திருப்பது மட்டும் போதாது. காரின் ஜேக் டிரெய்லரின் அடியில் சரியாக உட்காருமா, காரின் சாவி டிரெய்லர் நட்டுக்குப் பொருந்துமா என்று வீட்டு வாசலிலேயே ஒரு முறை கழற்றிப் பாருங்கள். எங்கள் சாவி பொருந்தவில்லை என்பது எங்களுக்குச் சாலையோரத்தில்தான் தெரிந்தது.

டிரெய்லர் வாலாட்டினால்

லோரி ஒன்று முந்திப் போகும்போது டிரெய்லர் பாம்பு போல இடமும் வலமும் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் எடையைத் தவறான இடத்தில் வைத்ததே காரணம். மொத்த எடையில் 5 முதல் 10 விழுக்காடு வரை காரின் கொக்கி மேல் அழுந்த வேண்டும். படகு, எஞ்சின், டிரெய்லர் எல்லாம் சேர்ந்து 700 கிலோ என்றால் 35 முதல் 70 கிலோ. வீட்டில் உடல் எடை பார்க்கும் தராசை டிரெய்லரின் மூக்குக்கு அடியில் வைத்தே இதை அளந்துவிடலாம். எஞ்சின் ஏற்கெனவே பின்னால் தொங்குகிறது. ஐஸ் பெட்டியையும் எண்ணெய்க் கலனையும் பின்னாலேயே வைத்தால் மூக்கு லேசாகி, வால் ஆடத் தொடங்கும்.

ஆடும்போது திடீரென்று பிரேக் பிடிக்காதீர்கள், வேகத்தையும் கூட்டாதீர்கள். எண்ணெயிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள். வேகம் குறைந்ததும் ஆட்டம் அடங்கும். பிறகு பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி சாமான்களை முன்னால் மாற்றுங்கள்.

கொக்கியின் இரும்பு உருண்டையும் அதன் மேல் உட்காரும் கப்ளரும் ஒரே அளவா என்று பாருங்கள். அளவு இரண்டிலும் பொறித்திருக்கும். பெரிய கப்ளரைச் சிறிய உருண்டையில் மாட்டினால் முதல் மேட்டிலேயே கழன்று தூக்கிவிடலாம். பாதுகாப்புச் சங்கிலிகளைக் குறுக்காக மாட்டுங்கள். கப்ளர் கழன்றாலும் டிரெய்லரின் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலி தாங்கும்.

துறையில் நடக்கும் விபத்துகள்

படகை இறக்கும் சரிவில்தான் அவசரம் அதிகம். பின்னால் நான்கு கார் காத்திருக்கும், கடல் ஏற்றம் போய்க்கொண்டிருக்கும். அதனால் எல்லா ஆயத்தத்தையும் சரிவுக்கு வெளியிலேயே முடித்துவிடுங்கள். படகின் அடி அடைப்பானைப் போட்டாகிவிட்டதா? பின்கட்டை அவிழ்த்தாயிற்றா? டிரெய்லர் விளக்கின் ஒயரைக் கழற்றினீர்களா? முன்னால் இருக்கும் வின்ச் பட்டையை மட்டும் படகு தண்ணீரைத் தொடும் வரை அவிழ்க்க வேண்டாம். அவிழ்த்தால் படகு சிமெண்டில் சரிந்து விழும்.

பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். சரிவில் பின்சக்கரம் நிற்கும் இடமோ பாசி படிந்த இடம். ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி ஓட்டுநர் இறங்கிவிட்டால் காரும் படகோடு சேர்ந்து தண்ணீருக்குள் போய்விடும். ஓட்டுநர் இருக்கையிலேயே இருந்து பிரேக்கை மிதித்திருக்கட்டும். இடைவார் அவிழ்ந்திருக்கட்டும், கண்ணாடி இறங்கியிருக்கட்டும். மற்றவர்கள் எல்லாரும் காரைவிட்டு இறங்கிவிட வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது கூடுதல் பாதுகாப்பு.

டிரெய்லருக்குப் பின்னால் யாரும் நிற்கக்கூடாது. ஒரு முறை என் அக்காள் மகன், பதினோரு வயதுப் பையன், "இன்னும் வாங்க மாமா" என்று கை காட்டிக்கொண்டு டிரெய்லருக்கு நேர் பின்னால் நின்றான். பாசியில் அவன் கால் வழுக்கியது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் சட்டையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால், எனக்குக் கண்ணாடியில் ஒன்றும் தெரிந்திருக்காது. வழிகாட்டுகிறவர் பக்கவாட்டில், ஓட்டுநர் கண்ணில் படும்படி நிற்க வேண்டும். அவர் கண்ணில் படவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள்.

வின்ச் கைப்பிடியிலும் கவனம் தேவை. பாரம் இருக்கும்போது பூட்டைத் தட்டிவிட்டால் அது காற்றாடி போலச் சுழன்று கையை முறித்துவிடும். இழுக்கும் பட்டைக்கு நேராகவும் நிற்காதீர்கள்.

நீர் வற்றும் கணக்கு

கிள்ளான் துறைமுகப் பக்கம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 4 மீட்டருக்கும் மேல் வேறுபாடு வரும். அதுவும் ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில். எட்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் சரிவு என்றால், காலையில் தண்ணீர் நின்ற இடத்திலிருந்து மதியம் அது 32 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். சரிவின் சிமெண்ட் அவ்வளவு தூரம் இருக்காது. டிரெய்லர் சக்கரம் சிமெண்டின் விளிம்பைத் தாண்டி சேற்றில் இறங்கிவிட்டால், காரால் பலமாக இழுக்காதீர்கள். அச்சு வளைந்துவிடும். நீர் ஏறும் வரை பொறுத்து, தூக்கி எடுப்பதுதான் வழி. நில அளவை, வரைபட இலாகாவான ஜூபெமின் ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்து, படகை ஏற்றும் நேரத்தையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

நடுவழியில் நின்றுவிட்டால்

அவசரத் தடத்தில் எவ்வளவு உள்ளே ஒதுங்க முடியுமோ அவ்வளவு ஒதுங்குங்கள். விளக்குகளைச் சிமிட்ட விட்டு, முக்கோணத்தைத் தூரத்தில் வையுங்கள். பிள்ளைகள் உட்பட எல்லாரும் இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும். சாலைப் பக்கச் சக்கரத்தை நீங்களே மாற்ற முயல வேண்டாம். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை என்றால் பிளஸ் நிறுவனத்தின் 1800-88-0000 எண்ணுக்கு அழையுங்கள். ஆளுக்கு அடிபட்டிருந்தால் 999. டிரெய்லருக்கான பதிவு, சாலை வரி பற்றி ஜேபிஜேயிடமும், இழுத்துச் செல்லும்போது காப்புறுதி செல்லுமா என்று உங்கள் காப்புறுதி நிறுவனத்திடமும் புறப்படும் முன்னரே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பியதும் படகைக் கழுவுவதற்கு முன் டிரெய்லரைக் கழுவுங்கள். வில் தகடு, அச்சு, போல்ட்டு எல்லாவற்றிலும் நல்ல தண்ணீர் படட்டும். எங்கள் நால்வரில் இப்போது மாதம் ஒருவருக்கு டிரெய்லர் பொறுப்பு. புறப்படும் முன் அவர் குனிந்து பார்த்து "சரி" என்று சொன்ன பிறகுதான் மற்ற மூவரும் காரில் ஏறுகிறோம்.