அறுபடும்போது பிறக்கும் பொறி

பழைய புல்லட்டின் முகப்பில் சின்னதாக ஓர் ஆம்பியர் மீட்டர் இருக்கும். அதன் முள்ளைப் படிக்கத் தெரிந்தவர், வண்டி ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்பதைப் பிளக்கைக் கழற்றும் முன்பே பாதி சொல்லிவிடுவார்.

1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கைகோத்தபின், திருவொற்றியூர் ஆலையிலிருந்து பல்லாண்டுகள் வந்த புல்லட்டுகளில் பாயிண்ட், கண்டென்சர், காயில் மூன்றும்தான் பொறியை உண்டாக்கின. அமெரிக்காவில் சார்ல்ஸ் கெட்டரிங் 1910 வாக்கில் காடிலாக் கார்களுக்காக உருவாக்கிய முறை இது.

பேட்டரியில் இருப்பது 6 அல்லது 12 வோல்ட். பிளக் கேட்பதோ பல ஆயிரம் வோல்ட். பாயிண்ட் என்னும் சுவிட்ச் மூடியிருக்கும்போது காயிலில் மின்சாரம் ஓடி காந்தப்புலம் உருவாகும். பாயிண்ட் திறந்ததும் அந்தப் புலம் சட்டென்று சரியும். வேகமாக ஓடும் தண்ணீரைத் திடீரென அடைத்தால் குழாய் அதிருமே, அதுபோலத்தான். அந்தச் சரிவு, காயிலுக்குள் பல்லாயிரம் சுற்றுள்ள மெல்லிய கம்பியில் உயர் மின்னழுத்தமாக எழுகிறது. மின்சாரம் அறுபடும் கணத்தில்தான் பொறி பிறக்கிறது! எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால், நொடிக்கு 25 முறை இது நடக்கும்.

மின்சாரம் சுத்தமாக அறுபடக் கண்டென்சர் வேண்டும். அது செத்துவிட்டால் பாயிண்டிலேயே பொறி பறந்து, முனைகள் கருகும். பிளக்குக்குப் போவது பலவீனமான பொறிதான்.

இனி முள்ளுக்கு வருவோம். நியூட்ரலில் சாவியைப் போட்டு, டீகம்ப்ரசரை அழுத்தியபடி கிக்கரை மெல்ல மிதியுங்கள். பாயிண்ட் மூடும்போது முள் மைனஸ் பக்கம் சாயும், திறக்கும்போது நடுவுக்கு வரும். நடுவிலேயே நின்றால் பேட்டரி, வயர், அழுக்கேறிய பாயிண்ட் இவற்றில் ஒன்று காரணம். மைனஸிலேயே நின்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது கண்டென்சர் ஷார்ட். பாயிண்ட் முனைகளின் இடைவெளியை ஃபீலர் கேஜால் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வையுங்கள்.

முள் ஒழுங்காக ஆடியும் வண்டி சூடானதும் நின்று, ஆறியதும் ஓடினால், பலர் கார்புரேட்டரைப் பிரிக்கிறார்கள். அதற்குமுன் கண்டென்சரை மாற்றிப் பாருங்கள். விலை குறைந்த சாமான் அதுதான். அடுத்து காயில். பிளக்கை வெளியே வைத்துப் பார்க்கையில் பொறி வந்தாலும் காயிலை நம்பிவிடாதீர்கள். சிலிண்டருக்குள் அழுந்திய காற்றைத் தாண்டிப் பாய இன்னும் அதிக வோல்ட் தேவை.