பிறர் மனம் அறியும் திறன்: மழலைப் பருவத்தில் கற்பிப்பது எப்படி?

சந்திரகிரி: பொம்மையைப் பிடுங்கும் மூன்று வயதுக் குழந்தையைச் சுயநலம் மிக்கது எனப் பெரியவர்கள் கடிந்துகொள்வது வழக்கம். ஆனால், தான் அறிந்ததைப் பிறர் அறியாமல் இருக்கலாம் என்ற புரிதலே அவ்வயதில் முழுமை பெறுவதில்லை என்கின்றனர் உளவியலாளர்கள்.

சாக்லேட் சோதனை

ஹைன்ஸ் விம்மர், யோசப் பெர்னர் ஆகியோர் 1983-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதை விளக்குகிறது. கதையில் வரும் சிறுவன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு விளையாடச் செல்கிறான். தாய் அதை வேறோர் அலமாரிக்கு மாற்றுகிறார். திரும்பி வரும் சிறுவன் எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் புதிய இடத்தையே சுட்டுகின்றன. ஏறத்தாழ நான்கு வயதுக்குப் பின்னரே, அவன் பழைய இடத்தில் தேடுவான் என்பதை உணர்கின்றன.

என்ன செய்யலாம்?

அதட்டி வாங்கும் மன்னிப்பு, சொல்லை மட்டுமே கற்றுத்தருகிறது. "உன் பொம்மையை அவள் எடுத்தால் உனக்கு எப்படி இருக்கும்?", "அவன் ஏன் அழுகிறான்?" என்ற உரையாடலும், கதை கேட்டலும், கடை வைத்து விற்பது போன்ற பாவனை விளையாட்டும் இத்திறனை வளர்க்கின்றன.

தெலுங்கும் தமிழும் புழங்கும் சந்திரகிரி வட்டாரத்தில் மற்றொரு வாய்ப்பும் உண்டு. எதிரில் இருப்பவருக்கு எந்த மொழி புரியும் எனக் கணித்துப் பேசுவதும் பிறர் நோக்கில் சிந்திக்கும் பயிற்சியே.

ரிஷி வேலி முன்மாதிரி

அப்போதைய சித்தூர் மாவட்டம் மதனப்பள்ளி அருகேயுள்ள ரிஷி வேலி கல்வி மையம், பல வயதுக் குழந்தைகள் ஒரே அறையில் குழுவாகக் கற்கும் கிராமப் பள்ளிகளை உருவாக்கியது. மூத்த குழந்தை இளைய குழந்தைக்குக் கற்றுத்தரும்போது, அதற்கு எது புரியவில்லை என்பதை ஊகிக்க வேண்டியுள்ளது. இம்முறையைப் பின்பற்றியே 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, 2007-08 கல்வியாண்டில் தமிழகம் முழுவதும் விரிவடைந்தது.

மூன்று முதல் எட்டு வயதினருக்காக 2022-இல் வெளியான தேசியக் கலைத்திட்டமும் சமூக, உணர்வு வளர்ச்சியைக் கற்றல் இலக்காகக் கொண்டுள்ளது.

குழந்தைகள் வளரும் வேகம் வேறுபடும். எனினும், பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாமை, கண் பார்த்துப் பழகாமை, பாவனை விளையாட்டில் நாட்டமின்மை ஆகியவை தொடர்ந்தால், வயது வரட்டும் எனக் காத்திராமல் குழந்தைகள் நல மருத்துவரை அணுகுவது அவசியம்.